கரண்ட் வந்த பின்னேரம்

கொழும்பு வெள்ளவத்தையில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்த வீடு, கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கடைசி வீடு. மேலே வீட்டுக்காரர்கள், கீழே நாங்கள். எங்களுக்கு ஓர் அறை, சமைக்க அதோடு ஒட்டிய ஒரு குசினி. முன்கதவைத் திறந்தால் ஒரு சின்ன நடை. அதிலிருந்து மாடிக்குச் சீமெந்துப் படிக்கட்டு ஏறும். படிக்கட்டுக்கு எதிரே சுவரில், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பொதுவாக, பழைய இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச். படிக்கட்டின் கீழே பொந்து மாதிரி ஓர் இடம். அதில் காலிப் பெயின்ற் வாளிகள் கிடந்தன. வீடு பார்க்கப் போன அன்று அப்பா அறையைப் பார்க்கவில்லை, குசினியைப் பார்க்கவில்லை. அந்தப் பொந்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த இடம் ஒண்டே எங்களுக்குக் காணும், பிள்ளை" என்றார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அப்பா அங்கே தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த பெரிய வேலை வளவுக்குள் பங்கர் வெட்டியதுதான். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, ஒரு சோலி இல்லாமல் கட்டி முடித்தார். பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் எங்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் தான் இறங்குவார். காதைப் பொத்து, வாயைத் திறந்து வைத்துக்கொள், தலையைத் தூக்காதே என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒருநாள் அம்மா, அடுப்பில் கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று பங்கர் வாசலில் இருந்து திரும்பிப் போனார். குண்டு குசினியில் விழுந்தது. அப்பா பங்கருக்குள் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கொழும்புக்கு வந்தும் அவருக்கு அது விட்டுப்போகவில்லை. பெரிய சத்தம் கேட்டால் தாழ்ந்த இடம் தேடுவார். காலி வீதியில் பஸ் ரயர் வெடித்தாலும் படிக்கட்டுக்குக் கீழே போய்விடுவார். சித்திரை, வைகாசியில் கொழும்பில் பின்னேரம் தவறாமல் இடி இடிக்கும். காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானம் திரும்பியதும் காற்று நின்றுபோகும், பிறகு கிழக்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். அந்தப் புழுக்கம் தொடங்கும்போதே அப்பா துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். முதல் இடிக்கு உள்ளே போனால் மழை விட்டுத்தான் வெளியே வருவார்.

"அது இடிதானே அப்பா" என்று ஒருமுறை சொன்னேன்.

"எனக்குத் தெரியாதே, பிள்ளை? தெரிஞ்சாலும் கால் நிக்குதில்லை" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷங்களில் கொழும்பிலும் குண்டு வெடித்துக்கொண்டுதான் இருந்தது. இடி இடித்தால் ஒழுங்கை முழுக்கக் கதவுகள் திறக்கும். ஆட்கள் வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்ப்பார்கள். பிறகு யாராவது, "இடிதானாம்" என்பார்கள். கதவுகள் மூடும். குண்டு என்றால் எங்களுக்கு அடுத்த பயம் இருந்தது. குண்டு வெடித்த அன்று இரவு ஆமியும் பொலிசும் வந்து அறை அறையாகத் தட்டுவார்கள். ஆகவே மின்னலோடு இடித்தால் நிம்மதி. அதுவும் ஓர் ஆபத்து என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் வரவில்லை.

மேல் வீட்டில் இருந்தவர்கள் ஒரு முஸ்லிம் குடும்பம். அவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. அண்ணன், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வது போல, நான் அவரை நானா என்றும், அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிட்டேன். ஒரே மகள், அப்போது எட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு வீடு கொடுத்தால் பொலிஸ் தொல்லை என்று எத்தனையோ வீட்டுக்காரர்கள் கதவடியில் வைத்தே எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நானா எதுவும் கேட்கவில்லை. எங்கள் பெயர்களைப் பொலிசில் பதிகிற அன்று தானே கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து, சிங்களத்தில் கதைத்து, காரியத்தை முடித்துத் தந்தார். அப்பா தபாலதிபர், அதாவது போஸ்ட்மாஸ்டர், என்று அறிந்ததில் இருந்து அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

நானா எல்லாவற்றிலும் கவனமான மனிதர். மின்னல் வெட்டத் தொடங்கினால் மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து, "புள்ள, டீவி வயரக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்பார். எங்களிடம் டீவி இல்லை என்று அவருக்கே தெரியும். வாடகைக்கு வருபவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "அப்ப ரேடியோ ப்ளக்கையாவது இழுத்து வைங்க" என்பார். எனக்கு அது புதினமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் கடைசி வருஷங்களில் கரண்டே இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் நான் சோதனை எடுத்தேன். கரண்டுக்குப் பயப்பட வேண்டும் என்பதை அதற்குள் மறந்துவிட்டிருந்தேன்.

அந்த வைகாசியில் ஒரு கிழமையாக மழை விடவில்லை. பின்னேர மழையாகத் தொடங்கியது, பிறகு காலையிலும் பெய்தது, பிறகு காலை எது பின்னேரம் எது என்று தெரியாமல் பெய்தது. கால்வாய்த் தண்ணீர் கறுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். அவர் தினமும் குடையோடு கால்வாய் ஓரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்களுக்குக் கேட்கும்படி தன் மனைவியிடம் சொல்லுவார். கடலில் அலை பெரிது, தண்ணீர் போக வழியில்லை, திரும்பி ஏறப்போகிறது என்றார்.

நான் அப்போது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று மத்தியானத்துக்குப் பிறகு காற்றும் சேர்ந்துகொண்டது. நீதிமன்ற வளவில் ஒரு தகரக் கூரை கழன்று தெருவில் உருண்டது. சட்டத்தரணி யன்னலால் பார்த்துவிட்டு, "பிள்ளை, தட்டினது காணும். நீர் வெளிக்கிடும். பஸ் நிண்டுபோனால் மாட்டுப்படுவீர்" என்றார். பம்பலப்பிட்டியில் பஸ் நின்றேவிட்டது. பெரிய மரம் ஒன்று காலி வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, அதோடு வயர்களும் அறுந்து தொங்கின. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தேன். காற்று குடையைப் பிடுங்கி மறுபக்கம் திருப்பியது. சோதனைச் சாவடியில் வழக்கம்போல அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு போனேன். ஆமிக்காரர்கள் மணல்மூட்டைக்குப் பின்னால் பொலித்தீனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அட்டையைப் பார்க்காமலே கையை வீசிப் போகச் சொன்னான். அந்தச் சாவடியில் என்னை ஒன்றும் கேட்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

ஒழுங்கை வாசலில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. வீட்டுக்குக் கிட்டப் போகப் போக முழங்காலைத் தொட்டது. கால்வாய் எது ஒழுங்கை எது என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் முன்கதவைத் தள்ளினேன். கதவு தண்ணீரோடு சேர்ந்து திறந்தது. உள்ளே இருட்டு. மத்தியானமே கரண்ட் போய்விட்டது என்று பிறகு அறிந்தேன். என் செருப்பும் குசினியில் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலும் நடையில் மிதந்துகொண்டிருந்தன.

அப்பா படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். துவாய் தலையில் கிடந்தது. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, எழும்புங்கோ. மேல போவம்."

"நீ போ, பிள்ளை. நான் இஞ்ச இருக்கிறன். இது கொங்கிறீற். இதுக்குக் கீழ ஒண்டும் செய்யாது."

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் படிக்கட்டின் அடியில் இருந்த இரும்புக் கம்பியை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நேரம் இடி விழுந்தது. பக்கத்தில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும், சுவர் அதிர்ந்தது. அப்பா கம்பியோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். என்னால் முடியாது என்று தெரிந்தது. "நானா!" என்று கூப்பிட்டேன்.

கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு அவர் வீட்டில்தான் இருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"நான் வந்தவுடனே ரெண்டு தரம் கூப்பிட்டுட்டேன், புள்ள. வரமாட்டேங்கிறாரு" என்றார். பிறகு குனிந்து, "மாஸ்டர், பம் விழுந்தா இது நல்ல எடம்தான். இது தண்ணி. தண்ணிக்கு மேலுக்குத்தான் போகணும்" என்றார்.

"தம்பி, இடி நிக்கட்டும்."

"இடி நிக்கிறதுக்குள்ள தண்ணி தலைக்கு வந்துடும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் அழத் தொடங்கியிருந்தேன். நானா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அவரும் அந்தப் பொந்துக்குள் குனிந்து, தண்ணீருக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தினார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது.

"சரி. நானும் உங்களோட ஈக்கிறேன். அடுத்த இடி இடிச்சி முடிஞ்ச ஒடனே ரெண்டு பேரும் ஒண்டா எழும்புவோம். சரியா மாஸ்டர்?"

அப்பா தலையை ஆட்டினார். மின்னல் முன்கதவால் உள்ளே வந்து போனது. நானா அப்பாவைப் பார்த்து, அவர் செய்வது போலவே காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் அப்படி இருந்ததை நான் நின்று பார்த்தேன். இடி உருண்டு உருண்டு கடல் பக்கம் போனது. "இப்ப" என்றார் நானா. அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். அப்பா கம்பியை விட்டுவிட்டு எழும்பினார்.

நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். நானா பின்னால் வருவார் என்று நினைத்தேன். அவர் கீழ்ப்படியில் நின்று சொன்னார்:

"நீங்க போங்க. நான் மெயின ஆஃப் பண்ணிட்டு வாறேன். திடீரெண்டு கரண்ட் வந்தா கீழ ப்ளக்கெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு."

சரியான யோசனைதான். கரண்ட் இல்லாத நேரத்தில் மெயினை நிறுத்தி வைப்பது புத்தியுள்ள வேலை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு, நனைந்த கையால் அதைத் தொடக் கூடாது என்பதை எனக்கோ நானாவுக்கோ யாரும் சொல்லியிருக்கவில்லை. "ஓம் நானா" என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன்.

மேலே ராத்தா காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தார். அப்பாவைக் கதிரையில் இருத்தி, துடைக்க ஒரு துணியைக் கொடுத்தார். மகள் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கொப்பியை வைத்து ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அப்போது தலைக்கு மேலே குமிழ் எரிந்தது. மின்விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. அறை முழுவதும் மஞ்சள் வெளிச்சம்.

"அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டு" என்றார் ராத்தா. மகள் கைதட்டினாள்.

அப்பாதான் முதலில் தலையை நிமிர்த்தியவர். குமிழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி எங்க?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அப்பா கதிரையைத் தள்ளிவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நானா சுவரோடு நின்றுகொண்டிருந்தார். வலது கை இரும்புப் பெட்டியில் இருந்தது. முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. உடம்பு மட்டும் விறைத்து, மெல்லியதாக அதிர்ந்துகொண்டிருந்தது. "நானா" என்று கூப்பிட்டுக்கொண்டு நான் இறங்கப் போக, அப்பா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"இறங்காதை! தண்ணியில கால் வையாதை! காய்ஞ்ச தடி ஒண்டு கொண்டா!"

அந்தக் குரலை நான் அம்மா போன பிறகு கேட்டிருக்கவில்லை. மேலே ஓடி, உடுப்புக் காயப்போடும் மூங்கில் தடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அப்பா தண்ணீர் தொடாத கடைசிப் படியில் நின்று அதை நீட்டினார். எட்டவில்லை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து மறுபடியும் நீட்டி, நானாவின் கையில் தட்டினார். கை பெட்டியை விட்டது. நானா தண்ணீருக்குள் விழுந்தார். முகம் குப்புற விழுந்தார்.

ராத்தா வந்தது அந்த நேரம்தான். தடி தட்டியதை அவர் காணவில்லை. தன் கணவர் தண்ணீரில் குப்புறக் கிடப்பதைத்தான் கண்டார். ஒரு சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார். அப்பா தடியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவரைப் பிடித்தார்.

"விடுங்க! மூச்சு முட்டுது அவருக்கு! விடுங்க மாஸ்டர்!"

"பிள்ளை, தண்ணிக்குள்ள கரண்ட் நிக்குது. இறங்கினா நீயும் போயிடுவாய்."

"எனக்குப் பரவாயில்ல! விடுங்க!"

ராத்தா அவரை அடித்தார். முகத்தில் அடித்தார், கையைக் கடித்தார். முக்காடு அவிழ்ந்து கால்களுக்குள் சிக்கியது. அப்பா படியில் இருந்துவிட்டார், ஆனால் பிடியை விடவில்லை. "மகளைப் பிடி" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மேலே ஓடிப் போய் அந்தப் பிள்ளையை அறைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கீழே தாய் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். குமிழ் எரிந்துகொண்டிருந்தது, மெழுகுதிரியும் எரிந்துகொண்டிருந்தது.

யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெரியவரின் குரல் கேட்டது. திறந்த கதவால் அவர் எல்லாவற்றையும் கண்டிருந்தார். "பஹின்ன எபா! வத்துரட்ட பஹின்ன எபா!" என்று, தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்று, தன் பல்கனியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் மின்சார சபைக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. ஒழுங்கை வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டு, காலி வீதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த மின்சார சபை லொறிக்கு ஆள் அனுப்பினார். எவ்வளவு நேரம் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ராத்தாவின் சத்தம் முதலில் பெரிதாக இருந்தது, பிறகு சிறிதாகி, பிறகு ஒரே ஒரு சொல்லாக ஆகியது. கணவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது.

அப்பா ராத்தாவை விட்டுவிட்டுத் தானே முதலில் இறங்கினார். வெளியே இடி உருண்டுகொண்டுதான் இருந்தது. அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. நானாவைத் திருப்பி, படியில் இழுத்துப் போட்டு, நெஞ்சை அழுத்தினார். ராத்தா தலைமாட்டில் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒழுங்கை ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் அறைக் கதவொன்றைக் கழற்றி, அதில் நானாவைக் கிடத்தி, தண்ணீருக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவடியில் நின்ற ஆமிக்காரர்கள் தங்களுடைய ட்ரக்கைக் கொண்டுவந்தார்கள். என் அட்டையைப் பார்க்காமல் போகச் சொன்னவனும் ஏறிக் கைகொடுத்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எப்பவோ முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

திடீர் மரணம் என்பதால் விசாரணை நடந்தது. என்னையும் அப்பாவையும் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தவர் என்றதும் விஷயத்துக்கு வர முன்னர் வேறு பல கேள்விகள் வந்தன. ஏன் வந்தீர்கள், யார் தெரியும், எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் நானாவைப் பற்றிக் கேட்டார்கள். மரண விசாரணை செய்த அதிகாரி நல்ல மனிதர். கரண்ட் பிடித்த அந்தக் கணத்திலேயே இதயம் நின்றிருக்கும், விழுந்த பிறகு யார் இறங்கியிருந்தாலும் பயனில்லை, இந்த ஐயா பிடிக்காவிட்டால் இரண்டு மையத்தாகியிருக்கும் என்று, ராத்தாவின் தமையனிடம் விளக்கமாகச் சொன்னார். தமையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நானா போனதற்கு அடுத்த நாள், வெள்ளம் வடிவதற்கு முன்னரே நல்லடக்கம் நடந்தது. அப்பா ஒழுங்கை வாசலில் நின்றார். பள்ளிவாசலுக்குப் போன ஆண்களோடு அவரும் போக விரும்பினார் என்று நினைக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை. நானாவைச் சுமந்த சந்தூக்கு கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. நாங்கள் கீழே சேறு அள்ளிக்கொண்டு இருந்தோம். மேலே கதிரை இழுக்கும் சத்தம், குழாய்ச் சத்தம், பிள்ளை ஓதும் சத்தம் எல்லாம் கேட்கும். ராத்தாவின் குரல் மட்டும் கேட்காது. பெண்பிள்ளை என்பதால் நான் போய்ப் பார்த்தேன். வெள்ளை உடுத்துக் கட்டிலில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வரும்போது அவருடைய மாமி, "இவரக் கூப்பிடத்தானே அவன் எறங்கினான்" என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

தமையன் ஒருநாள் கீழே வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். தங்கச்சிக்கு உங்கட சத்தம் கேக்கக் கேக்க ஏலாம ஈக்கிது" என்றார். அப்பா, "விளங்குது, தம்பி. நாங்கள் போறம்" என்றார்.

கொட்டாஞ்சேனைப் பக்கம், ஜிந்துப்பிட்டிக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டின் மூன்றாம் தட்டில் அறை கிடைத்தது. ஒரு நடைக்கு ஐந்தாறு குடும்பங்கள் இருந்த இடம். அங்கே அப்பா இடிக்கு ஒளிக்கவில்லை. வேறொரு பழக்கம் வந்தது. வானம் கறுத்தால் கீழே இறங்கிப் போய்க் கட்டிடத்தின் மெயினை நிறுத்திவிடுவார். ரப்பர் செருப்புப் போட்டு, கையைத் துடைத்து, காய்ந்த பலகைத் துண்டு ஒன்றின் மேல் ஏறி நின்றுதான் நிறுத்துவார். மற்றக் குடும்பங்கள் கத்துவார்கள். "ஐயா, எங்கட சோறு குக்கர்ல கிடக்கு", "பிள்ளைக்குச் சோதினை ஐயா" என்பார்கள். அவர் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு முறை நான் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்திருக்கிறேன். கடைசியில் வீட்டுக்காரர் அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். அதிலிருந்து மழை நாட்களில் அப்பா அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடையில் போகும் ஒவ்வொருவரிடமும், "ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதையுங்கோ" என்று சொல்லுவார். சிலர் "ஓம் ஐயா" என்பார்கள், சிலர் சிரிப்பார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன். "அண்டைக்கு உங்களுக்கு எப்பிடி அப்பா தெரிஞ்சது, தண்ணியில இறங்கக் கூடாதெண்டு?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில், புயலடித்த ஒரு கார்த்திகையில், கரண்ட் கம்பி பட்டுக் கிடந்த தந்திக் கம்பியைத் திருத்தப் போன ஒருவர் ஈரத் தரையில் நின்று செத்ததையும், அவரைத் தூக்கப் போனவர் செத்ததையும் கண்டவராம். "எல்லாம் தெரியும், பிள்ளை" என்றார். "தம்பி மெயினை நிப்பாட்டப் போறன் எண்டு சொன்னது என்ர காதிலயும் விழுந்தது. எனக்கு அப்ப இடிதான் கேட்டது." இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பா நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார்.

ராத்தாவை நான் மறுபடி கண்டது அதற்கும் பல வருஷத்துக்குப் பிறகு. வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை வாசலில், பக்கத்தில் தாயைவிட உயரமாக மகள். நான் ஒதுங்கிப் போகலாமா என்று நினைப்பதற்குள் ராத்தாவே கூப்பிட்டார்.

"புள்ள! எளச்சிட்டீங்க."

சுகம் விசாரித்தோம். கால்வாய் வீட்டை விற்றுவிட்டார்கள். தெஹிவளையில் மேட்டுப் பக்கம் ஒரு பிளற் வீடு. மகள் கணக்கியல் படிக்கிறாள். "தண்ணி வராத எடம்தான்" என்றார். "கரண்ட் போனா எனக்கு ஒண்டும் இல்ல. வரக்குள்ளதான். அந்த நேரம் யாரு எங்க நிக்கிறாங்கெண்டு எண்ணிப் பாப்பேன்." பிறகு, "மாஸ்டர் எப்படி?" என்று கேட்டார்.

சொன்னேன்.

ராத்தா தன் இடது மேற்கையை மற்றக் கையால் தடவிக்கொண்டார்.

"அவரு புடிச்ச அடையாளம் கன நாள் ஈந்திச்சு இந்தக் கையில. கறுத்துப் போய். இத்தா முடியிற வரைக்கும் பாத்துட்டே ஈந்தேன். புடிக்காட்டி இவள யாரு வளத்திருப்பா? அது எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

"அவருக்கு உங்களில சரியான கவலை, ராத்தா."

"ம்." மகளின் தோளில் கிடந்த நூலொன்றை எடுத்து விட்டார். "ஆனா ஒரு தரமாவது மேல வந்து என்னோட கதைக்கணும்டு எனக்கும் தோணல்ல, புள்ள. அவரோட மொகத்தப் பாத்தா நான் அடிச்சிடுவேனோ அழுதுடுவேனோ தெரியாது. இப்ப ரெண்டுக்கும் வழியில்ல."

தெஹிவளைப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. மகள், "உம்மா, பஸ்" என்றாள். ராத்தா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினார். உள்ளே கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பஸ் நகரும்போது குனிந்து யன்னலால் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் கண்டாரோ தெரியாது. இரண்டு பக்கமும் வாகனம் நெருக்கிய காலி வீதியில் பஸ் மெதுவாகத்தான் போனது, அது கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்வரை அந்த வாசலிலேயே நின்றேன்.